கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறி பதுளை வரை இரவில் சைக்கிளில் போக ஹப் டைனமோ லைட் மட்டும் போதுமா?

முன்சக்கரத்தின் நடுவில், ஹப்புக்குள் இருந்து, சக்கரம் சுழலும்போது லைட்டுக்கு மின்சாரம் தருவதுதான் ஹப் டைனமோ. இறக்கத்துக்கு அது தாராளமாகப் போதும். ஏற்றத்துக்குப் போதாது. இணையத்தில் வெள்ளைக்காரர்கள் சமதரையில் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஹப் டைனமோவுக்குச் சொல்லப்படும் 6 வோல்ட், 3 வாட் என்பது மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தை ஒட்டிய கணக்கு. கம்பளை 500 மீற்றருக்கும் கீழே, நுவரெலியா 1,868 மீற்றர். புசல்லாவை தாண்டி றம்பொடை வளைவுகளில் சாமான் பையோடு ஏறினால் வேகம் 6, 7தான் வரும். ஹப்புக்குள் இருப்பது 26 அல்லது 28 காந்த முனைகள். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீற்றர் என்றால், அந்த வேகத்தில் நொடிக்கு ஒரு சுற்றுக்கூட வராது. லைட் நொடிக்கு இருபது சொச்சம் தடவை துடிக்கும். நல்ல லைட்டுகள் மின்தேக்கி வைத்துத் துடிப்பைக் குறைக்கும். ஆனால் ஒளி மங்குவதை அதுவும் தடுக்காது. ஆகவே ஏற்றத்துக்கு ஹேண்டில்பாரில் சின்ன பெட்டரி லைட் ஒன்று வேண்டும். அந்த வேகத்துக்கு 200 லூமன் தாராளம்.

"டைனமோ இழுக்கும், ஏறும்போது உயிர் போகும்" என்று யாராவது சொல்ல வருவார்கள். லைட் எரியும்போது 20 கிலோமீற்றர் வேகத்தில் நல்ல ஹப் எடுப்பது ஆறேழு வாட். ஏறும் வேகத்தில் இன்னும் குறைவு. கையால் சுற்றும்போது கட்டம் கட்டமாகத் தட்டுவது காந்தம், பழுதல்ல.

வாங்கும் முன் உங்கள் ரிம்மில் ஆரத் துளைகளை எண்ணுங்கள். பழைய ரோட்ஸ்டர் வண்டியில் முன்சக்கரம் 32, பின்சக்கரம் 40 என்று இருக்கும். 36 துளை ஹப்பை வாங்கிவந்தால் ரிம்மும் மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் உள் அகலம் 100 மில்லிமீற்றரா, அச்சு எந்த வகை, பிரேக் ரிம்மா டிஸ்க்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் லைட்டின் வலிமையை விட அதைப் பூட்டும் இடம்தான் முக்கியம். பனிமூட்டத்தில் ஹெல்மெட் லைட்டைப் போட்டால் கண் முன்னே வெள்ளைச் சுவர் எழும்பும், ஏனென்றால் ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போய் நீர்த்துளியில் பட்டுத் திரும்புகிறது. ஃபோர்க்கின் தலையில், கண்ணிலிருந்து தள்ளிப் பூட்டிச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். ரொம்பக் கீழே போனால் சின்னக் கல்லின் நிழல்கூடக் குழி மாதிரித் தெரியும். பனி இல்லாத இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் ஹெல்மெட் லைட்டும் கூட இருந்தால் உதவும். சைக்கிள் லைட் நேரே மதிலைக் காட்டும், நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும்.

பழுதாவது பெரும்பாலும் ஹப் அல்ல, ஹப்பில் செருகும் முனையும் வயரும்தான். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்து மழைக்கு முனை பச்சை பிடிக்கும். சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், இல்லையென்றால் வாஸ்லீன். வயர் முனைக்குள் நுழையும் முன் ஒரு வளையம் கீழே தொங்கட்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து வயருக்குத் தளர்வு விடுங்கள். பின் லைட்டை ஹப்பில் நேரடியாகக் கொடுக்காமல், முன் லைட்டில் அதற்கென உள்ள முனையில் கொடுங்கள். சும்மா சுழலும் ஹப்பில் வோல்ட் எகிறும். இறக்கத்தில் 50 கிலோமீற்றர் போகும்போது பாதுகாப்பில்லாத பல்ப் போய்விடும். வயர் கழன்றிருக்கும்போது சக்கரத்தைச் சுற்றி முனைகளை விரலால் தொடவும் வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் எதிரே வருகிற லொறியும் ஆட்டோவும் நெற்றியில் ஒட்டியிருக்கும் வெள்ளை எல்ஈடி பட்டைக்கு மருந்தில்லை. சைக்கிள்காரன் மேல்வெட்டு உள்ள, அதாவது ஒளி மேலே போகாமல் வெட்டப்பட்ட லைட் தேடி வாங்கி அடுத்தவர் கண்ணைக் காக்கிறான்; அவர்களோ ஹைபீம் குறைக்கக்கூட மாட்டார்கள். நானுஓயா ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், கோடு இருக்கும் இடத்தில்.

போனுக்கு யூஎஸ்பி சார்ஜ் எடுப்பதென்றால் வெலிமடைப் பக்கம் இறங்கும்போது, பகலில், பவர் பேங்க் வழியாக எடுங்கள். லைட்டும் சார்ஜும் ஒன்றாக வேண்டாம்.

வழியில் லைட் அணைந்தால் ஹப் முனையைக் கழற்றி, ஒரு முழம் இரட்டை வயரால் லைட்டை நேரே ஹப்பில் இணைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். எரிந்தால் பழைய வயர்தான் அறுந்திருக்கிறது. அந்த முழ வயரை டூல்பையில் எப்போதும் வைத்திருங்கள்.