இல்லை என்று திருப்பி அனுப்பிய கணக்கு

அன்புள்ள அக்கா,

பினாங்கு லெபோ பசாரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. தாத்தா தொடங்கியது. பருப்பு, மசாலா, அரிசி, பூசைச் சாமான் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,400 பொருள்கள். 2012 முதல் பி.ஓ.எஸ் (கல்லாவில் பில் போடும் கணினி) வைத்திருக்கிறோம், அத்தனை வருட விற்பனையும் கணினியில் கிடக்கிறது. சென்ற மாதம் ஒரு நிறுவனத்தார் வந்து, அடுத்த மாதம் எது எவ்வளவு விற்கும் என்று ஏஐ சொல்லிவிடும் என்று 30,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டேஷ்போர்டை, அதாவது கணக்கெல்லாம் ஒரே திரையில் தெரியும் மென்பொருளை, காட்டினார்கள். அப்பாவோ, "நாப்பது வருசமா கணக்கு என் தலையிலதான் இருக்கு" என்கிறார். ஆனால் துவரம்பருப்பு அடிக்கடி தீர்ந்துபோகிறது; பின்னறையில் விற்காத சரக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மளிகைக்கடைக்காரரின் மகள், ஜார்ஜ்டவுன்

அன்புள்ள தங்கைக்கு,

டேஷ்போர்டை இப்போது வாங்காதீர்கள். துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம், நீங்கள் கேட்டதற்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

பி.ஓ.எஸ்ஸில் பதிவாவது விற்ற பாக்கெட் மட்டும்தான். "துவரம்பருப்பு இருக்கா?" என்று கேட்டு, இல்லையென்றதும் பக்கத்துக் கடைக்குப் போனவர் அதில் இல்லை. பருப்பு தீர்ந்துபோன நாளும், பருப்பு வாங்க யாருமே வராத நாளும் கணினிக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் பூஜ்யம்.

ஒரு மாதத்தில் ஒரு கிலோ பாக்கெட் 396 விற்றது என்று வையுங்கள். 30 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 13.2. ஆனால் அந்த மாதம் 8 நாள் அலமாரி காலியாக இருந்தது. சரக்கு இருந்த 22 நாளால் வகுத்தால் 18. ஆர்டர் போட்டு லாரி வர 4 நாள் என்றால், முதல் கணக்குப்படி 53 பாக்கெட் மிச்சமிருக்கும்போது ஆர்டர் போடுவீர்கள். நாளுக்கு 18 போகும் பருப்பு மூன்றாம் நாள் கடையடைப்பதற்குள் தீர்ந்துவிடும். நான்காம் நாள் அலமாரி காலி. அந்தக் காலி நாள் அடுத்த மாதச் சராசரியை இன்னும் இறக்கும். அடுத்த ஆர்டர் இன்னும் தாமதமாகும். இந்தப் பதிவை அப்படியே ஏஐக்குக் கொடுத்தால், துவரம்பருப்புக்குக் கிராக்கி குறைகிறது என்று அதுவும் நம்பிவிடும். அதன்மேல் குற்றமில்லை, நாம் கொடுத்த கணக்கு அப்படி.

எவ்வளவு மிச்சமிருக்கும்போது ஆர்டர் போடுவது என்ற ஆர்டர் புள்ளி சரியாக வர இன்னொன்றும் வேண்டும். தினசரி விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை எக்செலின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சூத்திரம் சொல்லும். அது 6 என்று வந்தால், 4 நாளின் வர்க்கமூலமான 2-ஆல் பெருக்கி, வந்த 12-ஐ 1.65-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 20. இது விற்பனை திடீரென ஏறினால் கைகொடுக்கும் காப்புச் சரக்கு. 18×4=72, அதோடு 20, ஆக 92. இருபது முறை ஆர்டர் போட்டால் ஒருமுறைதான் லாரி வருமுன் தீரும். பண்டிகைக் காலத்தில் லாரி 7 நாள் எடுக்குமென்றால் அதே கணக்கு 152-க்குப் போகும். நாள் கூடுவது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்! ஆகவே ஒவ்வொரு சப்ளையரும் ஆர்டர் தேதிக்கும் சரக்கு இறங்கிய தேதிக்கும் இடையில் எத்தனை நாள் எடுக்கிறார் என்பதை எழுதி வைப்பது, விற்பனைப் பதிவுக்கு நிகரான வேலை. பல கடைகளில் அது எங்கும் எழுதப்படுவதே இல்லை.

சரி, பழைய பதிவில் காலி நாள்களை எப்படிப் பிடிப்பது? சராசரியாக நாளுக்கு மூன்று விற்கும் பொருள், ஒருநாள் ஒன்றுகூட விற்காமல் போவது இருபது நாளில் ஒருமுறை நடக்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் என்றால் நானூறில் ஒன்று. அது சரக்கு தீர்ந்ததன் அடையாளம். மூன்று நாளைக்கு ஒன்று போகும் பொருளுக்கு இந்தச் சோதனை உதவாது. பில்லின் நேரத்தையும் பாருங்கள். துவரம்பருப்பின் கடைசி பில் காலை 11 மணிக்கு, கடை அடைத்தது இரவு 9-க்கு என்றால் அந்த நாளையும் சராசரியிலிருந்து நீக்குங்கள். இன்னொரு சிக்கல், ஒரு பிராண்டு தீர்ந்த நாளில் பக்கத்துப் பிராண்டு கூடுதலாக விற்றிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒன்றைக் குறைத்தும் மற்றதைக் கூட்டியும் வாங்குவீர்கள்.

இனிவரும் நாள்களுக்கு வழி மிக எளிது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. யாராவது கேட்டு இல்லையென்று திருப்பி அனுப்பினால் பொருள், அளவு, நேரம் மூன்றையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் தலையில் இருக்கும் கணக்கில் பெரும்பகுதி இதுதான். திரும்பிப் போன முகங்கள் அவருக்கு நினைவிருக்கும், கணினிக்குத் தெரியாது. அந்த நாற்பது வருட அறிவை ஒதுக்கிவிட்டுச் செய்யும் எந்தப் பகுப்பாய்வும் அரைகுறைதான்.

அடுத்தது சுத்தம் செய்யும் வேலை. சலிப்பானது, ஆனால் தப்ப முடியாது. இருப்பு மைனஸில் காட்டும் பொருள்களை முதலில் பட்டியலெடுங்கள். மளிகையில் இது பெரும்பாலும் பிரித்துக் கட்டுவதால் வருவது. 50 கிலோ மூட்டையாக வாங்கிப் பதிந்திருப்பீர்கள். ஒரு கிலோவாகவும் 500 கிராமாகவும் கட்டி விற்றிருப்பீர்கள். கணினியில் மூட்டையின் குறியீட்டு எண்ணில் இருப்பு அப்படியே நிற்கும், பாக்கெட்டின் எண்ணில் மைனஸ் ஏறும். எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றி ஒரே பெயரின் கீழ் கொண்டுவாருங்கள். சிந்தலையும் கல் மண்ணையும் நிறுத்து எழுதுங்கள். பார்கோடு ஸ்கேன் ஆகாதபோது கவுண்டரில் "இதர பொருள்" என்று விலையை மட்டும் அடிக்கிறார்களா என்றும் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் மற்ற எண்களை நம்ப வேண்டாம். 2,400 பொருளையும் ஒன்றாகத் தொடாதீர்கள். விற்பனையில் முதல் 50 பொருள் போதும். வாரம் 10 பொருளைக் கையால் எண்ணி, கணினியோடு ஒப்பிடுங்கள்.

சில்லறையையும் மொத்தத்தையும் பிரித்து வையுங்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரே நாளில் பத்து மூட்டை போனால் அது சராசரியையே கெடுத்துவிடும். அதைக் கிராக்கி என்று நினைத்து மறுமாதம் வாங்கி வைத்தால் பின்னறைதான் நிறையும்.

ஆயத்த மென்பொருள்கள் நம் கடைகளில் சறுக்குவது பண்டிகை விஷயத்தில்தான். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டால் தேங்காய் விற்பனை சரிந்ததாகத் தெரியும். உண்மையில் ஒரு காயும் குறைந்திருக்காது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். மலாய் வாடிக்கையாளர்கள் வாங்கும் பிரியாணிச் சாமானும் கூடவே நகரும். எக்செலில் ஒரு பத்தியைச் சேர்த்து, தீபாவளிக்கு 21 நாள் முன், 20 நாள் முன் என்று ஒவ்வொரு தேதிக்கும் குறியுங்கள். பிவட் டேபிளில் (எக்செலில் பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) அந்தப் பத்தியை வைத்து மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், முறுக்கு மாவு எந்த நாளில் ஏறத் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

2012 முதலான பதிவு முழுவதும் தேவைப்படாது. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள். மலேசியாவில் 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) வந்து 2018 ஜூனில் பூஜ்யமாக்கப்பட்டது. விற்பனையை வெள்ளித் தொகையில் பார்த்தால் அந்த மாற்றமும் விலையேற்றமும் கலந்திருக்கும். எப்போதும் கிலோவிலும் பாக்கெட்டிலும் பாருங்கள்.

பின்னறைச் சரக்குக்கு, கடைசியாக விற்று 180 நாள் தாண்டிய பொருள்களை எடுத்து, இருப்பை வாங்கிய விலையால் பெருக்கி, பெரிய தொகை மேலே வரும்படி அடுக்குங்கள். முதல் முப்பது வரியை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். கொலு பொம்மையும் அந்தப் பட்டியலில் வரும், அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் அது விற்கும். மற்றவற்றை காலாவதித் தேதி பார்த்து விலையிறக்கி விற்றுவிடுங்கள்.

இதெல்லாம் மூன்று நான்கு மாதம் நடந்த பிறகு அந்த நிறுவனத்தாரைக் கூப்பிடுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டு, கடைசி மூன்று மாதத்தை மறைத்து, அதற்கு முந்தைய பதிவை மட்டும் கொடுங்கள். மறைத்த மூன்று மாதத்தில் அந்த 50 பொருள் வாரம் எவ்வளவு விற்றிருக்கும் என்று அவர்கள் சொல்லட்டும். நீங்களும் சென்ற ஆண்டின் அதே காலத்தை, பண்டிகை நாளுக்கு நேராக வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒவ்வொரு வாரமும் பிசகிய அளவைக் கூட்டி, உண்மையில் விற்ற அளவால் வகுங்கள். அலமாரி காலியாக இருந்த வாரங்களை இரண்டிலும் விட்டுவிடுங்கள். அவர்களுடைய பிசகு உங்கள் எக்செலைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் மட்டும் 30,000 வெள்ளியைப் பற்றி அப்பாவிடம் பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா