மழை விடுமுறைச் செய்தி: பகிரும் முன்...

கேள்வி: பள்ளிக்கு மழை விடுமுறை என்று டிவி சேனல் லோகோவோடு நியூஸ் கார்டு வாட்ஸ்அப்பில் வருகிறது. நிஜமா, பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பகிர்ந்தால் யார் பெயரைப் போடுவது? - வாசகி, கடலூர்

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். போன வருடத்துக் கார்டில் தேதியை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புவதுதான் அதிகம் நடக்கிறது. தேதியே இல்லாவிட்டால் பகிராதீர்கள். லோகோவை நம்ப வேண்டாம்; அதை யாரும் ஒட்டிவிடலாம். அந்தச் சேனலின் ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்துக்கே போய் அதே கார்டு இருக்கிறதா என்று தேடுங்கள். மழைக்கு உள்ளூர் விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். ஆகவே ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தையும் பாருங்கள். 'கடலூர்' என்று பெயர் இருக்கிறதா, பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்பதையும் கவனியுங்கள். குழப்பமே அங்கேதான் வருகிறது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி பல கை மாறி வந்தது. அதனாலேயே பொய் என்று ஆகிவிடாது, ஆனால் அனுப்பியவருக்கும் மூலம் தெரிந்திருக்காது.

வெள்ள வீடியோ என்றால், கடைப் பலகையோ வண்டி நம்பரோ தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டு, அதே காட்சி முன்பே வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தோடு போட்டால் அதே வதந்திதான் திரும்ப வரும். ஒரு காட்சியில் கிடைக்காவிட்டால் வேறு இரண்டு, மூன்று காட்சிகளைப் போட்டுப் பாருங்கள்.

பகிரும்போது ஸ்கிரீன்ஷாட்டைவிட மூலச் செய்தியின் லிங்க்கே நல்லது. பின்னால் திருத்தம் வந்தால் படிப்பவருக்கும் அது தெரியும். படம் என்றால் எடுத்தவர் பெயர், வெளியான இடம், தேதி மூன்றும் வேண்டும். 'நன்றி: இணையம்' என்று போடுவது யாருக்கும் நன்றி சொல்வதாகாது.