புற்றுநோய் தொற்றுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வைரஸால் வந்தது என்கிறார்கள். அவர் சாப்பிட்ட தட்டில் குழந்தைகள் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. தொற்றுவது வைரஸ்தான், புற்றுநோய் அல்ல. அந்த எச்பிவி வைரஸும் உடலுறவு வழியாகப் பரவுவது. தட்டு, டம்ளர் வழியாக அல்ல. உடனே அம்மாவின் நடத்தையைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் வாயை அடைத்துவிடுங்கள். கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவருக்கும் இந்த வைரஸ் வரும். பெரும்பாலோரிடம் வந்த சுவடே தெரியாமல் ஓரிரு வருடத்தில் போய்விடும். சிலரிடம் மட்டும் தங்கி, செல் கண்டபடி பெருகாமல் காக்கும் புரதங்களை முடக்கிவிடுகிறது. அப்போதும் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும்.

கேள்வி: வயது 38. நானும் எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி நீக்காது. அது 9 முதல் 14 வயதுக்குள் போட்டால்தான் முழுப் பலன். மகள் இருந்தால் அவளுக்குப் போடுங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது எச்பிவி பரிசோதனை.

கேள்வி: ரத்ததானம் செய்யப் போனபோது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா?

பதில்: இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கீழாநெல்லி வகைச் செடி ஒன்றை வைத்துச் சென்னையில் நடந்த ஆய்வு 1988இல் வெளியானபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்கே அதில் பங்கேற்றார். ஆனால் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். கல்லீரல் சுருங்கும் முன்பே புற்று வைக்கக்கூடிய வைரஸ் இது. கல்லீரல் மருத்துவரைப் பார்த்து வைரஸ் அளவைச் சோதியுங்கள். தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அப்புறம், மனைவி, பிள்ளைகளுக்கும் சோதனை. தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி. தைவானில் 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கினார்கள். அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்று வெகுவாகக் குறைந்தது.

கேள்வி: அப்படியானால் எல்லாப் புற்றுநோய்க்கும் வைரஸ்தான் காரணமா?

பதில்: இல்லை. உலக அளவில் சுமார் 13 சதவீதம்தான் தொற்றுகளால் வருகிறது. அதிலும் வயிற்றுப் புற்றை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் ஒரு பாக்டீரியா. சரி, மார்பகப் புற்று? எந்த வைரஸ் மீதும் அந்தக் குற்றம் இதுவரை நிரூபணமாகவில்லை.