ரயில் சத்தத்துக்கு அடியில் இருக்கும் இசையைப் பிரித்துக் கேட்பது எப்படி?

கேள்வி: கால இயந்திரத்தில் கௌபாய் காலத்துக்குப் போகும் 'பேக் டு த ஃப்யூச்சர்' மூன்றாம் பாகத்தை வீட்டில் பார்த்தேன். இசை பிடித்திருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவள். எங்கே தொடங்கலாம்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மோகனம், கல்யாணி ராகங்கள் அடையாளம் தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது. கௌபாய் படங்களின் பரந்தவெளி மெட்டுகள் பெரும்பாலும் நாட்டுப்பாடல்களைத் தழுவியவை. ஸ ரி க ப த என்ற ஐந்து சுரங்களே அவற்றில் மேலோங்கி நிற்கும், அதாவது மோகனம். மத்திமம் ஒதுங்கியிருப்பதால்தான் அந்தத் திறந்த உணர்வு. அறிவியல் புனைகதைக்கு அதே மத்திமம்தான் ஆயுதம். இந்தப் படத்தின் இசையமைப்பாளர் ஆலன் சில்வெஸ்ட்ரியின் முதன்மை மெட்டு ஸட்ஜமத்திலிருந்து நேரே பிரதி மத்திமத்துக்கு, அதாவது கல்யாணியில் வரும் உயர்ந்த மத்திமத்துக்கு, தாவுகிறது. பஞ்சமத்துக்கு அரைச்சுரம் கீழே நிற்கும் அந்தச் சுரம் எங்கோ போகத் துடிப்பதுபோல் ஒலிக்கும். 1990இல் வந்த இந்தப் படம் 1885க்குப் போகிறது. குதிரைக்கும் கால இயந்திரத்துக்கும் நடுவே இசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்த ஒரு சுரத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கர்நாடக சங்கீதக் காது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நாம் ஒரே ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு கேட்போம். இங்கே அது சில நொடிகளில்கூட மாறும். தம்பூரா செயலியை ஓடவிட்டால் எல்லாமே அபஸ்வரமாகத் தோன்றும், அதை நிறுத்திவிடுங்கள். மெட்டு வந்து நிற்கும் சுரத்தை அவ்வப்போது புதிய ஸட்ஜமாக வைத்துக்கொண்டு, கைபேசியில் ஒரு கீபோர்டு செயலியில் தொட்டுப் பாருங்கள். ஸட்ஜம் ஸி என்றால் பிரதி மத்திமம் எஃப் ஷார்ப்.

அடுத்தது கருவி. சவுண்ட்பாரில் வாய்ஸ் மோட், நைட் மோட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதலாவது வசனத்தைத் தூக்கி இசையைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டாவது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள தூரத்தைச் சுருக்கிவிடும். ஆர்க்கெஸ்ட்ராவின் உயிரே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டாரை நினைத்தால் காதை மூடும் ஹெட்ஃபோன் நல்லது. மிக உரத்த பகுதிக்கு ஒலியளவை ஒருமுறை அமைத்தபின் கை வைக்காதீர்கள்.

இனி ரயில் காட்சி. படத்தில் நீராவி, விசில், சக்கரம் எல்லாம் சேர்ந்து டிராம்போன், டியூபா போன்ற ஊதுகருவிகளின் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். அதனால் முதலில் படத்தின் இசை ஆல்பத்தில் அந்தப் பகுதியைத் தனியாக இரண்டு தடவை கேளுங்கள்: ஒரு தடவை தாழ்ந்த ஒலிகளை மட்டும், அடுத்த தடவை தாளத்தை மட்டும். பிறகு படத்துக்குத் திரும்புங்கள். கால இயந்திரம் வேலை செய்ய, அதைத் தள்ளும் ரயில் எஞ்சின் மணிக்கு 88 மைலை, அதாவது ஏறக்குறைய 142 கிலோமீட்டரை எட்ட வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்புப் புகை வரிசையாக வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் இசையில் என்ன கூடுகிறது, சுருதியா வேகமா வாத்தியமா என்று எழுதிவையுங்கள். ஒரே மூச்சில் மூன்றையும் கவனிக்க முயன்றால் எதுவும் பிடிபடாது.

படத்தில் ஊர்த் திருவிழாவில் வாசிப்பவர்கள் ஸீ ஸீ டாப் என்ற அமெரிக்க ராக் குழுவினர். அது கதைக்குள் ஒலிக்கும் இசை, பின்னணி இசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து எல்மர் பெர்ன்ஸ்டைனைக் கேளுங்கள். 1960இல் கௌபாய் படமான 'தி மேக்னிஃபிசென்ட் செவன்', 1999இல் இயந்திரச் சிலந்தி வரும் 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' இரண்டுக்கும் இசை அவர்தான். நம் பக்கத்தில் என்றால், ராமநகரப் பாறைகளில் எடுத்த 'ஷோலே'யின் தலைப்பு இசை. ஆர்.டி. பர்மன் அதில் கிடாரையும் ஹார்ன் வாத்தியத்தையும் கையாண்டிருக்கும் விதம் இந்தப் பயிற்சிக்கு அருமையாகப் பொருந்தும்.