கத்தினால்தான் வேலை நடக்கிறதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் ஓவர்லாக் டைலராக இருந்தேன். மூன்று மாதமாக லைன் சூப்பர்வைசர். என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர்களே இப்போது நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. கத்தினால்தான் வேலை நடக்கிறது. டேமேஜ் விழுந்தால் செக்கிங்குக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிகிறது. நல்ல தலைமைக்கு தினமும் என்ன பழகிக்கொள்ள வேண்டும்?

பதில்: கத்தினால் வேலை நடக்கும்தான், நீங்கள் அந்த மெஷின் பக்கத்தில் நிற்கும்வரை. அதை விடுங்கள். டேமேஜ் உங்களுக்குக் கடைசியில்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்தியது. லைனில் இருபது பேருக்குத் தெரிந்த விஷயம் உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், உங்களிடம் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் ஒருநாள் ஊசி உடைந்துவிட்டது. எக்ஸ்போர்ட் வேலையில் உடைந்த ஊசியின் துண்டுகள் எல்லாம் கிடைத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முனை கிடைக்காமல் அரை மணி நேரம் போனது. வந்து சொன்ன ஹெல்பர் பெண்ணை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். மறுநாள், தனித்தனியாகச் சாயம் போட்டு வந்த இரண்டு லாட் துணி கலந்து, உடம்பு ஒரு ஷேடும் கை ஒரு ஷேடுமாக நானூறு பீஸ் தைத்து முடித்திருந்தார்கள். சாயங்காலம் செக்கிங்கில்தான் பிடிபட்டது. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "காலையிலேயே பார்த்தேண்ணா. நேத்து ஊசிக்கே அப்படித் திட்டினீங்க, அதான்."

நானூறு பீஸையும் பிரித்தோம். ஒன்றரை ஷிப்ட் அதிலேயே போனது.

உங்கள் கம்பெனிக்குத் துணி வரும் நிட்டிங் யூனிட்டுக்குப் போனால் ஒன்றைப் பார்க்கலாம். நூல் அறுந்தால் மெஷினில் விளக்கு எரியும், மெஷின் தானாக நின்றுவிடும். ஜப்பானில் டொயோடா குடும்பம் 1924-இல் கொண்டுவந்த தானியங்கித் தறியும் இப்படித்தான், நூல் அறுந்ததும் நிற்கும். பிற்பாடு அதே குடும்பம் கார் தயாரிக்கப் போனபோதும் இந்த யோசனை கூடவே வந்தது. லைனில் வேலை செய்யும் எவரும் குறை கண்டால் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்துக்குக் கார் வருவதற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். கயிறு வாங்கி மாட்டுவது பெரிய காரியமில்லை. இழுத்தவரைத் திட்டினால் மறுநாள் அதை யாரும் தொட மாட்டார்கள். எல்லாம் ஓடி வருகிறவரின் முகத்தில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் அந்த முகத்தைப் பழக்குங்கள். யாராவது தப்பைச் சொல்ல வந்தால் உங்கள் முதல் கேள்வி "யாரு பண்ணினது?" என்று வரக்கூடாது. "எந்தக் கட்டுல, எத்தனை பீஸ் ஆச்சு?" என்று வரட்டும். கோபம் வராதா என்றால், வரும். வந்தாலும் முதலில் பீஸை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் பாதி இறங்கிவிடும். கண்டிக்க வேண்டியதைப் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

காலையில் பெல் அடித்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு லைனை ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு மெஷினிலும் "நேத்து எது வேலையை இழுத்துச்சு?" என்று கேட்டு, பதிலுக்கு நில்லுங்கள். முதல் வாரம் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் வரும். பரவாயில்லை, கேட்டுக்கொண்டே இருங்கள். ஃபேன் சுற்றவில்லை, கத்தரி மொட்டை என்று யாராவது வாயைத் திறந்தால் குறித்துக்கொண்டு அன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். "கேட்டேன், இந்த வாரம் ஆகாதாம்" என்பதும் பதில்தான்.

டைலராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு இன்னொரு வியாதி உண்டு. எங்காவது வேலை தேங்கினால் கை பரபரக்கும், தானே மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கும் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் ஒரு வேலை நகரும், மீதி லைனைப் பார்க்க ஆள் இருக்காது. புது ஸ்டைலுக்கு முதல் பீஸ் தைத்துக் காட்டுங்கள், அப்புறம் எழுந்துவிடுங்கள். தேங்கும் இடத்துக்கு யாரை மாற்றிவிடலாம் என்று பார்ப்பதுதான் இப்போது உங்கள் வேலை.

புரொடக்‌ஷன் குறைந்து மேனேஜர் கேட்டால் "அந்தக்கா லேட்டு" என்று விரலை நீட்டாதீர்கள். "ஆளை நான் சரியாகப் பிரிக்கலை சார், மதியத்துக்குள் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். லைனில் இருப்பவர்கள் காதை இந்தப் பக்கம்தான் வைத்திருப்பார்கள்.

பழைய தோழிகளோடு டீ குடிப்பதை நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். ஆனால் தினமும் அதே நாலு பேரோடு உட்காராதீர்கள், மற்றவர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். உங்களுக்கு முன்பே சேர்ந்து, சூப்பர்வைசர் வேலை தனக்குத்தான் வரும் என்று இருந்த சீனியர் அக்கா ஒருவர் அநேகமாக அந்த லைனில் இருப்பார். அடுத்த ஸ்டைல் லைனுக்கு வருவதற்கு முந்தின நாள் சாம்பிள் பீஸை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். "அக்கா, இதுல எந்த இடம் படுத்தும்?" என்று கேளுங்கள்.