வாசகர் கேள்வி – பதில்: சின் மலையில் இரண்டு வாரம்

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தார் ஒன்பது பேர், வரும் டிசம்பரில் பர்மாவின் சின் மாநிலத் தலைநகரான ஹாக்காவுக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூருக்கு இரண்டு வாரம் ஊழியப் பயணம் போக விரும்புகிறோம். அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகர் ஒருவர், ரங்கூன்

பதில்: முதலில் பாதையைப் பற்றிக் கேளுங்கள். 2021க்குப் பிறகு சின் மாநிலத்தில் சண்டை நடந்துவருவதால், உங்களை அழைக்கும் சபையார் ‘வரலாம்’ என்று சொல்லும்வரை மலையடிவார ஊரான கலேயைத் தாண்ட வேண்டாம்.

சுவிசேஷம் கேட்டறியாத ஊருக்குப் போவதாக நினைத்திருந்தால், அந்த நினைப்பையும் ரங்கூனிலேயே விட்டுவிடுங்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளான கார்சன் தம்பதியர் ஹாக்காவுக்கு வந்தது 1899இல். 2014 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் 100 பேரில் 85 பேர் கிறிஸ்தவர்கள். நம் பிரசங்கத்துக்காக அங்கே யாரும் காத்திருக்கவில்லை. நான் 2014 டிசம்பரில் போனபோது, ஞாயிறு ஆராதனையில் அவர்கள் நான்கு குரலில் பாடியதைக் கேட்டபின், கொண்டுபோயிருந்த பிரசங்கக் குறிப்பைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

நாள் இருட்டோடு தொடங்கும். ஊற்றிலிருந்து மூங்கில் குழாய்வழி வரும் தண்ணீரைப் பிடித்து, மேடேறிச் சுமந்து வருவதற்குள் அந்தக் குளிரிலும் வியர்த்துவிடும். வீட்டின் நடுவிலுள்ள அடுப்பே சமையலறை, கூடம், ஜெப அறை எல்லாம். அதன்மேல் தொங்கும் இறைச்சி புகையில் காய்ந்துகொண்டிருக்கும். மக்காச்சோளத்தை அவரையும் எலும்பும் சேர்த்து மணிக்கணக்காக வேகவைத்த சபுதியை முதல் நாள் நான் உப்பில்லாத கஞ்சி என்று எண்ணினேன். நான்காம் நாள் இரண்டாவது கிண்ணம் கேட்டேன். பகலில் விறகு, தோட்டம், பிள்ளைகளுக்குப் பாடம். இரவில் ஏதாவதொரு வீட்டில் ஜெபக்கூட்டம். ஞாயிற்றுக்கிழமையன்று வேலை கிடையாது. ஊருக்குப் புறப்படும் நாளையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பளிச் சட்டை, கைவிளக்கு, வழுக்காத காலணி, அவரவர் மருந்து ஆகியவை போதும். பழந்துணி மூட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். நாங்கள் மூன்று மூட்டை சுமந்துபோனோம். பெரும்பாலும் ரங்கூன் வெயிலுக்கான மெல்லிய பருத்தித் துணிகள். அவற்றை அவர்கள் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார்கள். திரும்பும் நாளில் எங்களுக்குக் கொடுத்தனுப்பிய பூசணிக்காய்கள் அந்தத் துணிகளில்தான் பொதிந்திருந்தன. மூட்டைகளைக் கொண்டுபோகச் செலவான பணத்தில் பள்ளிக்கு நோட்டுப்புத்தகம் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: பர்மிய மொழி தெரிந்திருந்தால் போதுமா?
– வாசகி ஒருவர், மோல்மீன்

பதில்: இளையவர்களிடம் போதும், முதியவர்கள் பலருக்குத் தங்கள் மொழி மட்டுமே தெரியும். ஹாக்கா வட்டாரத்து லாய் மொழியை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள் என்பதால், பொருள் புரியாவிட்டாலும் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துக் கூடவே பாடிவிடலாம். ‘நா தம் மோ?’ என்று நலம் விசாரித்தால் ‘க தம்’ என்று பதில் வரும். நம்மைத் தடுமாற வைப்பவை நமக்குத் தெரிந்தவைபோல் ஒலிக்கும் சொற்களே. நான் தங்கிய வீட்டுப் பாட்டி ‘தீ’ என்று சொன்னதும் பதறி அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்; அவர் கையில் இருந்ததோ தண்ணீர்க் குவளை. நெருப்புக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘மெய்’.