உதய் சங்கரின் 'கல்பனா'வை வீட்டு டிவியில் எப்படிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்?

கேள்வியின் சாரம் இது: நடனக் கலைஞர் உதய் சங்கர் எடுத்து 1948-ல் வந்த இந்திப் படம் 'கல்பனா'. அதன் ப்ளூரே வட்டு கையில் இருக்கிறது. நாற்பது நிமிடம் ஓட்டிப் பார்த்தாயிற்று. நடனங்கள் டிவி சீரியல் போல வழவழவென்று ஓடுகின்றன, ஆடுபவர்களின் கால் பாதி நேரம் தெரியவில்லை, கதையும் பிடிபடவில்லை. இதை ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

சீரியல் போல இருப்பதும் கால் தெரியாததும் படத்தின் குறை அல்ல. இரண்டும் டிவியின் வேலை, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கதை பிடிபடாதது வேறு விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கால். இந்தப் படம் 1.37-க்கு 1 என்ற பழைய சட்டகத்தில் எடுக்கப்பட்டது. அகலம் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இன்றைய டிவியின் விகிதம் 1.78-க்கு 1. ஆகவே சரியாக ஓடும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தே ஆக வேண்டும். 1920 புள்ளி அகலமுள்ள ப்ளூரே படத்தில் நடுவே சுமார் 1480 புள்ளிதான் படம், பக்கத்துக்கு 220 புள்ளி கறுப்பு. திரை வீணாகிறதே என்று 'ஜூம்' போட்டால் மேலும் கீழுமாகப் படத்தின் 23 சதவீதம் போய்விடும். 'ஸ்ட்ரெட்ச்' போட்டால் எதுவும் வெட்டுப்படாது, ஆனால் ஆட்கள் 30 சதவீதம் பருத்துத் தெரிவார்கள். வேறு படத்தில் இதைச் சகித்துக்கொள்ளலாம். இங்கே கூடாது, ஏனென்றால் உதய் சங்கர் நடனத்துக்கு வருமுன் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் ஓவியம் படித்தவர். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஓர் உடல் சட்டகத்தின் எந்த மூலையில் நிற்கிறது, அதற்கு எதிர்மூலையில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய இலக்கணம். கால் வெட்டுப்பட்டால் இலக்கணமே போய்விடுகிறது.

அதனால் டிவியில் பட அளவை 'ஒரிஜினல்' அல்லது '16:9' என்று வையுங்கள். பிறகு ஓவர்ஸ்கேனை அணையுங்கள். எல்ஜியில் இதற்கு 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று பெயர், சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்க்ரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்'. இதை விட்டுவிட்டால் நான்கு ஓரங்களிலும் இரண்டு முதல் ஐந்து சதவீதம் வரை டிவி தானாகக் கத்தரித்துவிடும். பாதங்கள் சட்டகத்தின் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் படத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து வழவழப்பு. படத்தில் நொடிக்கு 24 சட்டகம்தான் (ஃப்ரேம், அதாவது தனித்தனி அசையாப் படம்) இருக்கிறது. டிவி அவற்றுக்கு நடுவே இல்லாத சட்டகங்களைக் கணக்குப் போட்டு நுழைக்கிறது. அதுதான் அந்த சீரியல் தோற்றம். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் மாடலைப் பொறுத்து 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி'. முழுவதுமாக அணையுங்கள், குறைத்து வைப்பது போதாது. நடனத்தில் இந்தக் கணக்கு மோசமாகத் தவறும். கை வேகமாகச் சுழலும்போது அந்த விரல்கள் எங்கே போயின என்று டிவியால் ஊகிக்க முடியாது, கையைச் சுற்றி ஒரு கலங்கல் நீர் போலத் தெரியும். கூடவே, அபிநயத்தில் ஒரு கை சட்டென்று நிற்கும் அந்த வெட்டு மழுங்கிவிடும். தாளம் கண்ணில் தெரிவது அந்த வெட்டில்தான்.

டிவியில் அணைத்தும் படம் திக்கித் திக்கி ஓடினால் பிளேயரைப் பாருங்கள். '24பி அவுட்புட்' அணைந்திருந்தால் பிளேயர் நொடிக்கு 60 என்று அனுப்பும். ஒரு சட்டகத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டித்தான் 24-ஐ 60 ஆக்க முடியும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் இடங்களில் இந்தத் திக்கல் நன்றாகத் தெரியும். 24பி-யை ஆன் செய்தால் தீரும். டிவியில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் வேலை இன்னும் சுலபம்: மோஷன், ஷார்ப்னெஸ், பட அளவு, வெண்மையின் நிறம் எல்லாவற்றையும் அதுவே அநேகமாகச் சரியான இடத்தில் கொண்டுவைத்துவிடும்.

அது இல்லாதவர்கள் 'சினிமா' அல்லது 'மூவி' மோடை எடுத்து, வெண்மையை 'வார்ம்' பக்கம் தள்ளுங்கள். 'கூல்' வைத்தால் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூத்துப் போகும். நாய்ஸ் ரிடக்ஷன் என்ற பெயரில் எது இருந்தாலும் அணையுங்கள். படத்தில் மணல் போல நெளியும் துகள் அழுக்கு அல்ல, பிலிமின் வெள்ளித் துகள். இந்தப் படத்தில் அது சற்றுத் தூக்கலாகவே இருக்கும். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவையும் (மூலத்திலிருந்து எடுத்த நகல் நெகட்டிவ்) ஒரு பாசிட்டிவ் பிரதியையும் வைத்துத்தான் பழைய படங்களைக் காக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கிய வேர்ல்ட் சினிமா ஃபவுண்டேஷன் சார்பில் இத்தாலியின் போலோன்யா நகரில் மீட்டெடுத்தார்கள், 2012-ல் கான் விழாவில் திரையிட்டார்கள். நகலிலிருந்து நகல் எடுக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் துகள் பருக்கும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள சாம்பல் நிறங்கள் குறையும். ஒரு காட்சி இன்னொன்றில் கரையும் இடங்களில் படம் திடீரென்று சொரசொரப்பானாலும் பதற வேண்டாம், பழைய படங்களில் அது இயல்பு. துகளைத் துடைத்தால் அதோடு துணி மடிப்பு, கண் மை, நகையின் வேலைப்பாடு எல்லாமும் துடைபட்டு முகம் மெழுகாகிவிடும். ஷார்ப்னெஸ்ஸை, உடலின் ஓரத்தில் வெள்ளைக் கோடு மறையும்வரை குறையுங்கள்.

கறுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கப் பட்டைகளையே அளவுகோலாக்கலாம். இருட்டான பின்னணியுள்ள ஒரு நடனக் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, பட்டையும் படமும் சேரும் விளிம்பை உற்றுப் பாருங்கள். பட்டைதான் திரையிலேயே கரியதாக இருக்க வேண்டும். காட்சியின் இருட்டு அதைவிட ஒரு பிடி வெளுத்து, உள்ளே ஏதோ இருக்கிறது என்ற உணர்வைத் தர வேண்டும். விளிம்பே தெரியாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டால் கறுப்பு நசுங்கியிருக்கிறது. பட்டையே சாம்பல் பூத்திருந்தால் கறுப்பு எழும்பியிருக்கிறது. இரண்டுக்குமே வழக்கமான காரணம், கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை பிளேயரும் டிவியும் வேறு வேறு அளவில் பேசிக்கொள்வது. பிளேயரில் 'லிமிடெட்' வைத்தால் டிவியிலும் அதுவே இருக்க வேண்டும். சாம்சங்கில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' என்று தேடுங்கள். அதற்குப் பிறகுதான் பிரைட்னெஸ்ஸைத் தொட வேண்டும்.

ஒலி ஒற்றைத் தடம் (மோனோ). சவுண்ட்பாரில் 'சரவுண்ட்', 'மியூசிக்', 'ஏஐ' எதுவும் வேண்டாம், 'ஸ்டாண்டர்ட்' போதும். சரசரப்பு கேட்கிறது என்று ட்ரெபிளை ஏற்றினால் சரசரப்புதான் ஏறும். பிலிமின் ஓரத்தில் ஒலியைப் பதித்த அந்தக் காலத்து ஒளித்தடத்தில் உச்ச சுருதிகளில் இசை மிகக் குறைவு, இரைச்சலே அதிகம். ட்ரெபிளை ஒரு படி குறைத்து, வால்யூமைச் சற்றுக் கூட்டிவிடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஒலிக்கும் படத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளி. இதைச் சோதிக்க வசனத்தைவிட நடனம் நல்லது. பாதம் தரையில் விழுவது தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு நாலைந்து முறை திரும்பப் போட்டுப் பாருங்கள். தாளத்தின் அடியும் பாதத்தின் மிதியும் ஒன்றாக விழ வேண்டும். ஒரு சட்டகம் என்பது சுமார் 42 மில்லி செகண்ட். இரண்டு சட்டகம் பிசகினாலே ஆடுபவர் தாளம் தப்பி ஆடுவது போலத் தோன்றும், பழி அவர் தலையில் விழும். ஒலி முந்தினால் சவுண்ட்பாரிலோ பிளேயரிலோ 'ஆடியோ டிலே'யை இருபது இருபது மில்லி செகண்டாகக் கூட்டிப் பாருங்கள். ஒலி பிந்தினால் அந்த டிலேயைப் பூஜ்யமாக்குங்கள். சவுண்ட்பார் ப்ளூடூத்தில் இருந்தால் கம்பிக்கு மாற்றுங்கள்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரைட்டீரியன் நிறுவனம் 2022-ல் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட் வரிசையில் வெளியிட்ட நான்காவது பெட்டியில், ஆறு படங்களில் ஒன்றாக இது இருக்கிறது. வட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கு 'வட்டாரம்' (ரீஜன்) என்ற பூட்டு உண்டு. அந்த ப்ளூரே வட்டாரம் 'ஏ'. இந்தியா வட்டாரம் 'சி'. இங்கே கடையில் வாங்கிய சாதாரண பிளேயர் அதை ஓட்டாமல் மறுத்துவிடலாம். டிவிடியிலும் அமெரிக்கா 1, இந்தியா 5. டிவிடி வட்டாரப் பூட்டைப் பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே திறக்கலாம். ப்ளூரே பூட்டு அப்படித் திறக்காது, எல்லா வட்டாரமும் ஓடும் பிளேயராகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இணையத்தில் திரியும் பழைய பிரதிகளை நம்பி இந்தப் படத்தைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். முகங்கள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, மூக்கும் கன்னமும் பிரியாமல் இருந்தால் அது அந்த ரகம்.

இப்போது கதை. படம் தொடங்கும்போதே எழுத்தில் ஒரு வேண்டுகோள் வரும்: இது வழக்கத்துக்கு மாறான படம், ஒரு கற்பனை, சில நிகழ்வுகள் மிக வேகமாக ஓடும், விழிப்போடு பாருங்கள், ஒன்றைத் தவறவிட்டாலும் நம் நாட்டு வாழ்வின் முக்கியமான ஒரு பக்கத்தைத் தவறவிடுவீர்கள் என்ற பொருளில். அதை அலங்கார வாசகம் என்று தள்ளிவிடாதீர்கள். ஓர் எழுத்தாளர் படத் தயாரிப்பாளரிடம் கதை சொல்கிறார், அந்தக் கதைக்குள் உதயன் என்ற கலைஞன் ஒரு கலைக்கூடம் அமைக்கக் கனவு காண்கிறான், அந்தக் கனவுக்குள் நடனங்கள். மூன்று அடுக்கு. எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று படம் நின்று நிதானமாகச் சொல்லாது. கைப்பேசியை ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும், அடுக்கு மாறியிருக்கும். பிடிபடாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், பின்னணி தெரியாதது. உதய் சங்கர் 1923-ல் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவோடு ஆடியவர். பிறகு இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் கலை மையம் தொடங்கினார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான், பரதத்துக்கு பாலசரஸ்வதியின் குரு கந்தப்பப் பிள்ளை என்று ஆசான்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்பித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மையம் மூடப்பட்டது. அந்தக் கனவைத்தான் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் படமாக்கினார். உதயன் அவரே, உமாவாக நடிப்பவர் அவர் மனைவி அமலா சங்கர். ஒளிப்பதிவு கே. ராம்நாத், பின்னாளில் 'ஏழை படும் பாடு', 'மர்மயோகி' இயக்கியவர். படத்தில் இளம் பத்மினியும் ஆடியிருக்கிறார், கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.

உமா, காமினி என்ற இரு பெண்களுக்கு நடுவே உதயன் தவிக்கும் பகுதி தொய்வானதுதான், வசனம் பல இடங்களில் பிரசங்கம். அதை மறைத்து உங்களைப் பார்க்கச் சொல்லக் கூடாது. இரண்டரை மணி நேரத்தை ஒரே மூச்சில் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் ஒரு நடனம் முடிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு நடுவில் வேண்டாம். முதல் முறை சப்டைட்டிலோடு, இடையில் பாஸ் போடாமல். இரண்டாம் முறை நடனங்களை மட்டும், சப்டைட்டில் இல்லாமல். இந்தி தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. கீழே எழுத்து ஓடினால் கண் அங்கேதான் போகும், பாதங்களும் அங்கேதான் இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது என்றால், உழைப்பாளிகளும் இயந்திரமும் வரும் நடனத்திலிருந்து. மேடையில் ஆடியதைக் கேமரா எட்ட நின்று பதிவு செய்ததல்ல அது. மனித உடல்கள் இயந்திரத்தின் உறுப்புகளாகவே மாறுகின்றன. முதலில் ஒலியோடு ஒரு முறை பாருங்கள். பிறகு ஒலியை அடைத்துவிட்டு, ஓரத்தில் நிற்கும் ஒரே ஓர் ஆளை மட்டும் தொடருங்கள். நடுவில் இருப்பவரை வேண்டாம். அந்த ஓர் ஆளின் அசைவு எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றாம் முறை, கண்ணை மூடிக்கொண்டு விஷ்ணுதாஸ் ஷிராலியின் இசையை மட்டும் கேட்டு அதே எண்ணிக்கையைப் பிடியுங்கள். நான்காம் முறை சேர்த்துப் பார்க்கும்போது, காட்சி எந்த எண்ணிக்கையில் வெட்டப்படுகிறது என்பது தானாகத் தெரியும். சில இடங்களில் தாளத்தின் மேல் விழும், சில இடங்களில் அதற்கு ஒரு மயிரிழை முன்னால். அந்த இடத்தில் ரிமோட்டில் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, வெட்டுக்கு முந்தைய கடைசிச் சட்டகத்தையும் அடுத்த முதல் சட்டகத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கை எங்கே விட்டதோ அங்கிருந்து அடுத்த காட்சியில் எது அந்த அசைவை வாங்கிக்கொள்கிறது என்று தேடுங்கள்.

அதே 1948-ல் அதே ஜெமினியிலிருந்து வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை அதற்கு அடுத்த நாள் போட்டுப் பாருங்கள், அதே செட்டிங்கில், அதே கறுப்புப் பட்டைகளோடு.